ஒரே கப்பலில் வந்த இரண்டு வண்டிகள்

ஃபெர்மின் வீட்டு வண்டிக்கொட்டகையின் கதவு ஒருநாளும் சரியாக மூடியதில்லை. அதில் தொடங்கினால்தான் பிற்பாடு நான் சொல்வது உங்களுக்குப் புரியும், லெப்டினன்ட். பழைய மரக்கதவு, இரட்டைப் பலகை. ஈரமும் கரையானும் தின்றதுபோக, அடியில் ஒரு நாய் புகுந்து போகும் அளவுக்கு இடைவெளி இருந்தது. லா விபோரா என்கிற எங்கள் பேட்டையில் பாதி வீடுகளின் கதவு அப்படித்தான். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

நானாகத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னை அழைத்துவரவில்லை, யாரும் என்மேல் சந்தேகப்படவும் இல்லை. வாசலில் இருந்த காவலரிடம், ஒரு புகார் கொடுக்க வேண்டும் என்றேன். பெயர் கேட்டார், வென்செஸ்லாவோ மிரெலெஸ் என்றேன். தொழில் கேட்டார், தொழிற்பள்ளியில் வரைபடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்றேன். என்ன புகார் என்று கேட்டபோதுதான், அதை நின்றுகொண்டு சொல்ல முடியாது என்று புரிந்தது.

என்னிடம் ஒரு பியூக் இருக்கிறது. ஐம்பத்து மூன்றாம் வருடத்து வண்டி. கரும்பச்சை உடம்பு, பாலாடை நிறக் கூரை. என் அப்பா அதைப் புதிதாக வாங்கினார். கப்பலிலிருந்து அது இறங்கியபோது நான் அவர் பக்கத்தில் துறைமுகத்தில் நின்றேன். அதே கப்பலில், அதே நிறத்தில், அதே வடிவத்தில் இன்னொரு பியூக்கும் இறங்கியது. அது ஒரு பல் மருத்துவருக்கு. புரட்சிக்குப் பிறகு அவர் சாவியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு நாட்டைவிட்டுப் போய்விட்டார். வண்டி இரண்டு மூன்று கை மாறி ஃபெர்மினிடம் வந்து சேர்ந்தது.

அவன் வண்டியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அப்பா வாங்கிய வண்டிக்கும், ஓடிப்போனவன் விட்டுப்போன வண்டிக்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா. ஃபெர்மினே அதைச் சொல்லிச் சிரிப்பான். "உன்னுது அரமனைல பொறந்தது மாப்ளே. என்னுது அனாதை ஆசுபத்திரில."

அவன் கியர்பாக்ஸ் மெக்கானிக். இந்த ஊரில் தானியங்கி கியர்பாக்ஸைத் திறந்து, திரும்பவும் மூடத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அவன் அவர்களில் ஒருவன். என் வண்டியின் அடியில் படுத்த ஒரே மனிதன் அவன்தான். நான் அடியில் படுப்பவனில்லை, துடைப்பவன். ஒவ்வொரு காலையும் பழைய பருத்தித் துணியால் அதன் முகப்புக் கம்பிகளை, அந்த வெள்ளிப் பற்களை, ஒவ்வொன்றாகத் துடைப்பேன். "நீ மேல பூ வையி, நான் கீழ கழுவிவிடறேன்" என்பான் ஃபெர்மின்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுபதுகளில் அமெரிக்காவிலிருந்து உதிரி பாகங்கள் வருவது நின்றதும் பட்டறைகளில் பாகங்கள் காணாமல் போக ஆரம்பித்தன. வண்டியை விட்டுவிட்டு மறுவாரம் போனால், வெளியே அதே வண்டி, உள்ளே வேறு எதுவோ. அதனால் என் அப்பா ஒரு உளியை எடுத்து எஞ்சினிலும் கியர்பாக்ஸ் கூட்டின் மேற்பக்கத்திலும் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்தார். பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். வெட்டும்போது உளி வழுக்கி, நட்சத்திரத்துக்கு ஒரு கால் நீண்டுவிட்டது. அந்த நட்சத்திரம் என் வண்டிக்குள் இருக்கிறது என்ற நினைப்பில்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. ஞாயிறு மதியம் கடற்சுவரை ஒட்டி வண்டிகளை வரிசையாக நிறுத்துவோம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பானட்டைத் தூக்கினால் தெரியும், அநேகமாக எல்லாவற்றிலும் ரஷ்ய எஞ்சின், கொரிய டீசல், படகிலிருந்து கழற்றியது, தண்ணீர் இறைக்கும் இயந்திரத்திலிருந்து கழற்றியது. "மேல கோட்டு சூட்டு, உள்ள ஓட்ட ஜட்டி" என்பான் ஃபெர்மின். எஞ்சினும் கியர்பாக்ஸும் பிறந்தபோது இருந்ததுபோலவே இருக்கும் வண்டிக்குச் சங்கம் ஒரு பித்தளைத் தகடு கொடுக்கும். கடைசியில் இரண்டு வண்டிகளில்தான் அந்தத் தகடு மிஞ்சியது. என்னுடையது ஒன்று, அவனுடையது ஒன்று. ஒவ்வொரு பிப்ரவரியும் சோதனை உண்டு. அவன் வண்டியைக் கொட்டகைக்குப் போய்க் குனிந்து பார்ப்பார்கள். என் வண்டியை ஓட்டிப் பார்ப்பார்கள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்துபோனால், ஒன்பது நாள் ஜெபம் முடியும்வரை வண்டிச் சாவி நெருங்கிய நண்பனிடம் இருக்கும். அந்த ஒன்பது நாளில் அவன் இறந்தவனுடைய வண்டியிலிருந்து ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொள்ளலாம். தன் வண்டியில் தேய்ந்துபோன பாகத்தை அதனிடத்தில் வைத்துவிட வேண்டும். அப்படி வந்த பாகத்துக்காகத் தகட்டைக் கழற்ற மாட்டார்கள். பிறகு வண்டி குடும்பத்துக்குப் போகும். குடும்பம் கேள்வி கேட்காது. இறந்தவன் இன்னொரு வண்டிக்குள் கொஞ்சகாலம் ஓடுகிறான் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். உயிரோடிருக்கும்போதே ஒருவன் வண்டியைக் கொடுத்துவிட்டால் நண்பனுக்கு எதுவும் கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்று நான்கில் என் கியர்பாக்ஸ் உடைந்தது. ரஷ்யாவிலிருந்து எல்லாம் வருவது நின்றுபோன அந்த வருடங்களைப் பற்றி உங்கள் அம்மா சொல்லியிருப்பார். சோப்பு இல்லை, விளக்கு இல்லை, தெருவில் பூனைகள்கூடக் குறைந்துபோயின. கியர்பாக்ஸுக்கு உரிய எண்ணெய் எங்கே கிடைக்கும்? கிடைத்ததை ஊற்றினேன். ஆமணக்கெண்ணெயில் எதை எதையோ கலந்து ஊற்றினேன். ஊற்றாதே என்று ஃபெர்மின் சொன்னான். நான் கேட்கவில்லை. ஒரு நாள் எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை.

என் மகள் இதானியாவுக்கு அந்த அக்டோபரில் பதினைந்து வயது நிறைகிறது. பெண் பிள்ளைக்கு நம் ஊரில் அது கல்யாணம் மாதிரி. வரவேற்பறைத் திரையைக் கிழித்து அவளுக்குக் கவுன் தைத்திருந்தோம். பியூக்கில் ஏறிக் கடற்சுவர் நெடுகப் போக வேண்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்டது. ஃபெர்மின் அவளுக்கு ஞானத்தகப்பன்.

"என் ஞானமக பதினஞ்சாம் பொறந்தநாளுக்கு சைக்கிள்ல போவாளா?" என்றான் அவன். "வண்டியக் கட்டி இழுத்துட்டு வா. பாத்துக்கலாம்."

பல வாரங்கள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தான். நான் எட்டிப் பார்க்கப் போனால் துரத்திவிடுவான். "நீ பாத்தா அழுவ. கெளம்பு." பிறந்தநாளுக்கு முந்தின நாள் வண்டி வந்தது. சத்தமில்லாமல், தடுக்கலில்லாமல், தண்ணீரில் படகு போவதுபோல் போயிற்று. எப்படிடா செய்தாய் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே, "தொழில் ரகசியம்" என்றான். இதானியா பின்னிருக்கை ஜன்னலில் சாய்ந்து கையசைத்துக்கொண்டே போனாள். அவன் நடைபாதையில் நின்றான்.

அந்த வருடத்திலிருந்து ஃபெர்மின் தன் வண்டியை ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுவரவில்லை. முதலில் பெட்ரோல் இல்லை என்றான். பிறகு டயர் இல்லை என்றான். பிறகு முழங்கால் என்றான். வண்டி கட்டைகளின்மேல் ஏறி, மூக்கு சுவரைப் பார்த்தபடி கொட்டகைக்குள் நின்றுவிட்டது. நான் ஏன் என்று துருவவில்லை. அடுத்தவன் சொல்லும் காரணத்தைக் கிளறுவது எனக்குப் பழக்கமில்லை.

ஆனால் நிற்கிற வண்டியின் எஞ்சினை வாரம் ஒருமுறையாவது ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் இறுகிப்போகும். அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. அவன் ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில். எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஜன்னல்களை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்போம். நாங்கள் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. என் மனைவி எமெலினா இறந்த வருடம் முழுக்க அந்த வண்டிக்குள் நாங்கள் பேசியது பத்து வாக்கியம் இருந்தால் அதிகம். யாருடைய மௌனத்துக்குள்ளும் நான் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

எப்போதாவது அவன் பயணத்தை ஆரம்பிப்பான். மதான்சாஸ் போகும் கடலோரச் சாலை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்புரை விழுந்த கண்ணால் சுவரைப் பார்த்தபடி ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டு வருவான்.

"கோஹிமார் தாண்டியாச்சு. அடுத்தது சாந்தா க்ரூஸ்."

"இல்லடா, குவானாபோ. குவானாபோ போய்த்தான் சாந்தா க்ரூஸ்."

"ஓட்டறது நானா நீயா? வாத்தியாரு வேலைய பள்ளிக்கூடத்தோட வச்சுக்க."

ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே தவறு, இதே திருத்தம். ஒருமுறை நான் வேடிக்கைக்காகக் கியர் தண்டை இழுக்கப் போனேன். சக்கரம் அந்தரத்தில் சுற்றுவதைக் கேட்கலாமே என்று. அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "வேணாம்டா. கட்டை சரிஞ்சா ரெண்டு பேரும் செவுத்துல போஸ்டரா ஒட்டிக்குவோம்." பிடி இறுக்கமாக இருந்தது. எனக்கு வலித்தது. அப்போது அதைப் பற்றி நான் எதுவும் நினைக்கவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் என் வண்டியின் கியர்பாக்ஸ் மறுபடியும் வழுக்க ஆரம்பித்தது. மேட்டில் தயங்கியது. டிசம்பரில் ஓய்ந்து போகும் நிலைக்கு வந்துவிட்டது. பிப்ரவரிச் சோதனையில் அது தேறாது. தகட்டைக் கழற்றிவிடுவார்கள். உங்களுக்கு அது ஒரு பித்தளைத் துண்டு. எனக்கு எழுபத்தெட்டு வயது. மகள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தச் சுவரோரம் நின்று, இது என் அப்பா வாங்கியது, ஒரு திருகாணிகூட மாறவில்லை என்று சொல்லும்போது மட்டும்தான் நான் யார் என்பது எனக்கு நினைவில் இருக்கும். அதை எடுத்துவிட்டால் மீதி எதுவும் இல்லை.

ஃபெர்மினிடம் கேட்டேன். வாழ்க்கையில் நான் அவனிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

"உன் வண்டி நின்னுட்டுதான இருக்கு. அந்த கியர்பாக்ஸ எனக்குக் குடுடா. அதுவும் அதே கப்பல்ல வந்ததுதான்."

அவன் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அத மட்டும் கேக்காத மாப்ளே."

"ஏன்?"

"என்னுதத் தொறக்காத. அவ்ளோதான். உனக்கு ரஷ்ய வண்டி பாக்ஸ், வோல்கா பாக்ஸ் ஒண்ணு பாத்து மாட்டித் தரேன். ஆளு வச்சு மாட்டறேன், நான் பக்கத்துல ஒக்காந்து சொல்றேன். எவனுக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன். "ஆமாமா. ஒனக்குத் தெரியாதது எது?"

அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். நாற்பது வருட நண்பன். ஓட்டாத வண்டி. ஆனாலும் தர மாட்டான். ஓடிப்போனவன் விட்டுச்சென்ற பொருளின்மேல் இவனுக்கு இத்தனை சொந்தம்.

ஜனவரியில் அவனுடைய அண்ணன் மகள் யாரிட்சா வந்தாள், கணவனோடும் கைக்குழந்தையோடும். ஃபெர்மினைத் தங்களோடு அழைத்துப்போகிறார்களாம். வண்டியை அவன் அவள் பெயருக்கு மாற்றித் தருகிறானாம். திங்கட்கிழமை பத்திரப் பதிவு. அவள் கணவன் கொட்டகைக்குள் வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றி, கூரையைத் தட்டிப் பார்த்தான்.

"மாமா, இதத்தான் மொதல்ல அறுத்துடணும். சுற்றுலாக்காரங்களுக்குத் தெறந்த வண்டிதான் புடிக்கும். ரோஸ் பெயிண்ட் அடிச்சா நாளெல்லாம் ஓடும்."

நான் ஃபெர்மினைப் பார்த்தேன். அவன் குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அறுத்துக்கோடா. உள்ளதான் ஒண்ணுமில்லயே. காத்தாவது வரட்டும்."

உள்ளே ஒன்றுமில்லை என்றான். அந்த வண்டியை, என் வண்டியோடு ஒரே கப்பலில் வந்த வண்டியை. இப்போது சொல்லுங்கள், ஒரு மனிதன் அப்படிப் பேசினால் அந்த வண்டிக்கு அவன் சொந்தக்காரனா? பதிவுச் சீட்டில் பெயர் இருந்தால் போதுமா? எனக்கு அந்தக் கூரையைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. கியர்பாக்ஸ் பிற்பாடுதான்.

அந்த வாரம் கதவைச் சரிசெய்தேன். கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். ஃபெர்மினுக்குச் சத்தம் நின்றதில் மகிழ்ச்சி. "இப்பல்லாம் கெழவி மாதிரி மொனகறதில்ல. நல்லாப் பண்ணிட்டடா" என்றான். கதவின் அடியில், உள்பக்கமாக, பழைய டயர் டியூபை வெட்டி நீளமாக அடித்திருந்தேன். அது அவன் கண்ணுக்குத் தெரியாது. தெரியும் அளவுக்கு அவன் குனிவதும் இல்லை. மேலே கண்ணாடி உடைந்த சின்ன ஜன்னலுக்கு ஒரு தகரம். சாரல் வண்டிமேல் விழக்கூடாது அல்லவா. எல்லாம் நல்ல வேலை. நீங்கள் போய்ப் பார்க்கலாம், இன்னும் அப்படியே இருக்கிறது.

சனிக்கிழமை வடக்கிலிருந்து குளிர்காற்று அடித்தது. கடல் சுவரைத் தாண்டித் தெருவுக்கு வரும் நாள். யாரிட்சாவும் கணவனும் திங்கட்கிழமைக்கான வேலையாக வெளியே போயிருந்தார்கள். குழந்தையையும் எடுத்துப் போயிருந்தார்கள். அதை நான் உறுதி செய்துகொண்டேன். நான் கெட்டவன் இல்லை.

ஃபெர்மினைக் கைத்தாங்கலாக வண்டிக்குள் உட்கார வைத்தேன். முழங்காலுக்குமேல் போர்வை போட்டுவிட்டேன். எஞ்சினைக் கிளப்பினான். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

"கோஹிமார் தாண்டியாச்சு" என்றான். "அடுத்தது சாந்தா க்ரூஸ்."

அன்று நான் திருத்தவில்லை. அவன் காத்திருந்தான் என்று நினைக்கிறேன். தலையை என் பக்கம் லேசாகத் திருப்பினான். நான் எழுந்துகொண்டேன்.

"காப்பி போட்டுட்டு வரேன். குளிருது, கதவச் சாத்திட்டுப் போறேன்."

"சாத்து. அது சாத்துனாலும் சாத்தாத மாதிரிதான்." பிறகு சொன்னான், "சர்க்கரைய அள்ளிப் போடு. யாரிட்சா கண்ணுல காட்ட மாட்டேங்கறா. நீ வர்ற வரைக்கும் பாலத்துல நிறுத்தி வைக்கறேன். வந்து ஏறிக்க."

மதான்சாஸுக்கு முன்னால் வரும் அந்த உயரமான பாலத்தைச் சொன்னான். அங்கே எப்போதும் நிறுத்தி இறங்கிப் பார்ப்போம், இரண்டு வண்டியும் ஓடிய காலத்தில்.

நான் செய்தது ஒரு கதவை மூடியது. இந்த ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் கதவு மூடுகிறார்கள். மூடிவிட்டு அவன் சமையலறைக்குப் போனேன். காபி போட்டேன். அது ஆறியது. கிடந்த பாத்திரங்களைக் கழுவினேன். மேசைமேல் மதியத்துக்கான கறுப்பு பீன்ஸ் பரப்பி வைத்திருந்தது. அதில் கல் பொறுக்கினேன். எஞ்சின் சத்தம் சுவருக்கு அப்பால் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல எஞ்சின் அது. இரண்டாவது முறை காபி போட்டேன், இந்தத் தடவை அவன் கேட்டபடி சர்க்கரை அள்ளிப் போட்டு.

பிறகு போய்க் கதவை அகலத் திறந்து, வெளியே நின்று, காற்று உள்ளே போய்ப் புகை வெளியேறும்வரை காத்திருந்தேன். பெட்ரோல் வீணாக வேண்டாமென்று எஞ்சினை நிறுத்தப் போனேன். அவன் தலை இருக்கையில் சாய்ந்திருந்தது. முகம் நல்ல சிவப்பாக, தூங்கி எழுந்தவன் முகம்போல் இருந்தது. வலது கை கியர் தண்டின்மேல் இருந்தது. தண்டு முன்னே போகும் நிலையில் இருந்தது.

என்னைத் தொடவிடாத தண்டை அவனே இழுத்திருக்கிறான். எதற்காக என்று எனக்குத் தெரியாது. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கியர் விழுந்திருந்தது, கட்டைமேல் நிற்கும் பின்சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றியிருக்க வேண்டும். சுற்றவில்லை. அதை நான் கவனித்தேன். யோசிக்க நேரமில்லை. தண்டைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டேன்.

எண்பது வயது, பழைய இதயநோய், குளிர்காற்று. மாரடைப்பு என்றார்கள். நல்ல சாவு, தன் வண்டிக்குள்ளேயே போய்விட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். கல்லறையில் சவப்பெட்டியின் ஒரு முனையை நான் தூக்கினேன். யாரிட்சா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அவருக்கு ஒங்கள விட்டா யாரு இருந்தா? நீங்கதான் கூடப்பொறக்காத பொறப்பு" என்றாள். சாவியை அவளே என் கையில் வைத்தாள். ஒன்பது நாள்.

சங்கத்தின் தலைவர் ரெய்னெரியோவும் இன்னொரு ஆளும் சங்கிலி கொண்டுவந்தார்கள். நான் அடியில் படுக்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கியர்பாக்ஸைச் சங்கிலியில் கட்டி மெதுவாக இறக்கி, சாக்கின்மேல் வைத்தார்கள். ரெய்னெரியோ துணியால் அதன் மேற்பக்கத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வென்சே, இங்க வா. இது ஒங்கப்பா எழுத்தாச்சே."

நான் குனிந்தேன். எழுத்துகள் இருந்தன. பக்கத்தில் நட்சத்திரம், ஒரு கால் நீண்டு.

கூட்டைத் திறந்தார்கள். உள்ளே எல்லாம் உடைந்து கிடந்தது. உடைந்த துண்டுகளை ஒரு துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு உள்ளேயே வைத்திருந்தான். அது என் வீட்டு வரவேற்பறைத் திரைத் துணி. கவுன் தைத்ததுபோக மிஞ்சியது.

கூட வந்தவன் முதலில் சிரித்துவிட்டான். "அடப்பாவி கெழவா! தன்னோடத எடுத்து ஒனக்கு மாட்டிட்டு, ஒன்னோடத தனக்கு மாட்டிக்கிட்டானே. அப்போ இருபத்திரண்டு வருஷமா ஒரிஜினல் ஒரிஜினல்னு நீ..." ரெய்னெரியோ அவன் கையைத் தட்டினார். அவன் நிறுத்திக்கொண்டான். அதன்பிறகு யாரும் பேசவில்லை. அந்த மௌனம் ஃபெர்மினுடைய மௌனம் போன்றது இல்லை.

அன்று மாலை இதானியாவோடு தொலைபேசியில் பேசினேன்.

"ஒங்களுக்குத் தெரியாதாப்பா?" என்றாள். "மிஞ்சின திரைத் துணில சாப்பாட்டக் கட்டி நான் பட்டறைக்குக் கொண்டு போனப்பவே பாத்துட்டேன். அவரு வண்டிய வயித்தக் கிழிச்ச மாதிரி போட்டு வச்சிருந்தாரு. அப்பாகிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"ஏன்?"

"அப்பாவுக்கு அந்த வண்டில ஒரு ஆணி மாறினாலும் தாங்காதும்மா, அப்புறம் மனுஷன் எதப் புடிச்சிக்கிட்டு நிப்பான்னாரு." அவள் அழுதுகொண்டிருந்தாள். "அவரு வண்டி அதுக்கப்புறம் நகரவே இல்லப்பா. நீங்க ஒரு தடவகூட கேக்கலியா?"

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். ரெய்னெரியோ நேற்று வீட்டுக்கு வந்து, மன்னிச்சுக்க வென்சே, வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல, உசுரோட இருக்கறப்ப மாத்துனது செல்லாது என்று சொல்லி, என் வண்டியிலிருந்து தகட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருக்கின்றன. இருபத்திரண்டு வருடம் நான் அந்தச் சுவரோரம் நின்று பொய் சொல்லியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். என் அப்பாவின் வண்டிக்குள் ஒரு பல் மருத்துவரின் கியர்பாக்ஸை வைத்துவிட்டு, அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து சனிக்கிழமைதோறும் காபி குடித்திருக்கிறான். ஊர்ப்பெயரைத் தப்பாகச் சொல்லி என்னைத் திருத்தவைத்திருக்கிறான். நான் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். இதோ பார், உன்னிடம் இருப்பதுதான் என்னுடையது, என்னிடம் இருப்பது உடைந்தது என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் நான் அந்தக் கதவின் அடியில் ரப்பர் அடித்திருக்கவே மாட்டேன். அவன் இன்று உயிரோடு இருந்திருப்பான், யாரிட்சாவின் குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டு. அவனைக் கொன்றது யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் கதவைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், லெப்டினன்ட். ரப்பர், ஜன்னல் தகரம், எவ்வளவு நேரம், எல்லாம் எழுதுங்கள். நான் மறுக்கப்போவதில்லை. கதவை மூடியது நான்தான், அது நன்றாக மூடும்படி செய்ததும் நான்தான், உள்ளே அவன் இருக்கிறான் என்று தெரிந்துதான் செய்தேன். கேட்ட இடத்தில் கையெழுத்தும் போடுகிறேன்.

ஆனால் நான் வந்தது புகார் கொடுக்க. அதை முதலில் எழுதுங்கள். பாதிக்கப்பட்டவர் என்று இருக்கும் இடத்தில் என் பெயரைப் போடுங்கள்.